ஆமை ஒன்றும் எழுதவில்லை

"அம்மா, மண்டை காயுது. காலையில ஒரு வீடியோ, நம்ம ஆறு செத்துப்போச்சுன்னுது. அழுதேன். மத்தியானம் இன்னொண்ணு, ஆறு கண்ணாடி மாதிரி ஓடுதுன்னுது. கை தட்டினேன். நான் எதைத்தான் நம்ப?"

கேட்டவர் ஹெங், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பதில் சொல்ல வேண்டியவர் ஆற்றங்கரை மடத்துத் துறவி ஹுய்லான். ஹெங்குக்கு மகள் வயது, ஆனாலும் குரு.

"ஆறு உங்க முதுகுக்குப் பின்னாடிதான் ஓடுது."

"ஆமாம்மா. அந்தப் பக்கம்தான் வெளிச்சம் நல்லா விழுது."

ஹெங் தன் முகம் தெரியும்படி போனை மூங்கில் கழியில் கட்டிக்கொண்டிருந்தார்.

புண்ணியம் தேடுகிறவர்கள் சந்தையில் மீனோ ஆமையோ உயிரோடு வாங்கி ஆற்றில் விடுவது அந்த ஊர் வழக்கம். ஹெங் ஓர் ஆமை வாங்கியிருந்தார். நேரலையில் ஊரே பார்த்தது.

வந்த கமெண்டுகளை அவரவர் குரலிலேயே வாசித்துக் காட்டினார்.

கட்டைக் குரலில்: "கரையோரம் வேண்டாம்ணே, ஆழத்துல வீசுங்க! அதுக்குத்தான் புண்ணியம் ஜாஸ்தி!"

கீச்சுக் குரலில்: "என் பொண்ணுக்குப் பரீட்சை, அவ பேரையும் சொல்லி எறிங்க!"

"ஆமை என்ன எழுதியிருக்கு?" என்றார் ஹுய்லான்.

ஹெங் விரலால் தள்ளித் தள்ளித் தேடினார்.

"அது ஒண்ணும் எழுதலையேம்மா."

"அப்போ எறியறதுக்கு முன்னாடி அதையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

ஆமையை எறிய ஓங்கிய கை நின்றது. வாங்கியதிலிருந்து முதல்முறையாக ஹெங் ஆமையைப் பார்த்தார். துடுப்பு மாதிரி கால் இல்லை. குட்டியானைக் கால் மாதிரி உருண்டு, தடித்து இருந்தது.

மணலில் இறக்கினார்.

ஆமை தண்ணீரைப் பார்த்தது. சட்டென்று திரும்பி மேட்டை நோக்கி நடந்தது.

"ஐயோ, வழி தப்பிப் போகுது! திருப்பி விடுங்கண்ணே!" போனில் கமெண்டுகள் கதறின.

திருப்பி விட்டார். அது மறுபடி மேட்டுக்கே கிளம்பியது.

"அடப்பாவி, நீ நிலத்து ஆமையா! வீசியிருந்தா கல்லாட்டம் முழுகியிருப்பியேடா!"

ஹெங் பொத்தென்று உட்கார்ந்தார். சிரிப்பு பொங்கியது. தொப்பை குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. ஆமை நிற்கவில்லை. அவரும் நாலு காலில் அதன் பின்னால் தவழ்ந்தார்.

"ஹெங் அண்ணே, எங்கே போனீங்க? ஆளே தெரியலை!"

போன் கத்திக்கொண்டேயிருந்தது. புல், கள்ளிப்பூ, எறும்பு வரிசை என்று ஒவ்வொன்றின் முன்னாலும் ஆமை நின்றது. ஹெங்கும் நின்றார்.

"ஐயா, எங்கே போறீங்க?" ஹுய்லான் கரையிலிருந்து கூவினார்.

ஹெங் திரும்பவில்லை.

"தெரியலைம்மா. முன்னாடி போறவரைக் கேளுங்க."