விலாங்கு போய்வந்த தொண்டை

கருவேல மரங்கள் சூழ்ந்த ஓர் ஏரியில் ஒரு கூழைக்கடாத் தம்பதி வாழ்ந்து வந்தது. மனைவி பெயர் பூவலகி. கணவன் பெயர் பெருவாயன்.

ஏரியில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பூவலகியின் தொண்டைக்குள் ஒரு கட்டி வளர்ந்துவிட்டது. முதலில் கெண்டை இறங்கவில்லை. பிறகு பொடி அயிரையும் இறங்கவில்லை.

பெருவாயன் மீனைத் தன் அலகுப் பையில் நெடுநேரம் ஊறவைத்தான். அதைக் கூழாக்கி அவள் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டான்.

"குஞ்சுக்கு ஊட்டற மாதிரி ஊட்டறீங்களே. வெட்கமா இருக்குங்க."

"இங்க வேற யாரு இருக்கா? வாயைத் திற."

வைத்தியம் பார்க்க மரங்கொத்தி வந்தார். மரத்தை வெளியே தட்டியே உள்ளே இருக்கும் புழுவைச் சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பூவலகியின் கழுத்தை மூன்று முறை தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"கட்டிதான். கசப்பிலைச் சாறு கொடுத்தாக் கரைஞ்சிடும்."

சொன்னபடியே கட்டி சுருங்கியது. பத்தாம் நாள் பூவலகி ஓர் அயிரையை முழுசாக விழுங்கினாள். பெருவாயன் ஏரியை மூன்று சுற்றுச் சுற்றிப் பறந்தான்.

அந்த மகிழ்ச்சி இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. கட்டி திரும்ப வந்தது, முன்னைவிடப் பெரிதாக.

மரங்கொத்தி மறுபடி தட்டினார். "அளவு போதலை. ரெண்டு பங்கு கொடுக்கலாம்."

இரண்டு பங்கு கொடுத்தார். பூவலகியின் இறகு கொட்டியது. கட்டி அப்படியே இருந்தது. மூன்று பங்கு கொடுத்தார். அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. கட்டி சௌக்கியமாக இருந்தது.

"வைத்தியரே, உங்க மருந்து என்னைத்தான் கரைக்குது" என்றாள் பூவலகி.

மரங்கொத்தி தலை குனிந்தார். பாவம், அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

"தட்டினா கட்டி இருக்கறது கேட்குது. அது உள்ள என்ன பண்ணுதுன்னு கேட்க மாட்டேங்குது. யாராவது உள்ள போய்ப் பார்த்துட்டு வந்தாத்தான் தெரியும்."

கூழைக்கடாவின் தொண்டைக்குள் போனவர்கள் ஏராளம். திரும்பி வந்தவர் யார்?

ஒரே ஒருவர் உண்டு. போன மழைக்காலத்தில் ஒரு விலாங்கு பூவலகியின் தொண்டைவரை போய், வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அன்று முதல் அதற்கு அதே பேச்சுதான். அந்தக் கதையைக் கேட்காத மீன் ஏரியில் இல்லை.

பெருவாயன் கரையோரம் போய் அலகைத் தாழ்த்தினான்.

"விலாங்கண்ணே, அவ உங்களை முழுங்கப் பார்த்தது தப்புதான். மன்னிச்சுக்குங்க. அவ தொண்டைக்குள்ள ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரணும்."

விலாங்கு வயிறு குலுங்கச் சிரித்தது. "பசியில கிடக்கறவ வாய்க்குள்ள என்னைப் போகச் சொல்றியா? முழுங்கிட்டா?"

"முழுங்க முடியாததுதானே அவ நோவே."

அதைச் சொல்லும்போது பெருவாயனின் குரல் உடைந்துவிட்டது. விலாங்கு சிரிப்பை நிறுத்தியது.

விலாங்கு உள்ளே போய்க் கட்டியின் ஓரமாக ஒண்டிக்கொண்டது. மரங்கொத்தி சாற்றை ஊற்றினார். அப்போதுதான் விலாங்கு உற்றுப் பார்த்தது. கட்டி என்பது ஒன்றல்ல! நெருக்கியடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான குட்டி உயிர்கள்!

"வருது, வருது! வாங்கித் துப்பு!" என்று அவை கத்தின. முன்வாயால் வந்த சாறு ஒவ்வொன்றின் முதுகிலும் இருந்த சின்ன ஓட்டை வழியே வெளியே பீய்ச்சியது.

"துப்பத் தெரியாததெல்லாம் முதல் தடவையே செத்துப்போச்சு. நாமெல்லாம் துப்பத் தெரிஞ்சது பெத்த பிள்ளைங்க. எவ்வளவு வேணா ஊத்தட்டும்!" என்றது ஒன்று.

விலாங்கு வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னது.

"நான் ஊத்திக்கிட்டே இருந்தேன். அது துப்பிக்கிட்டே இருந்தது. நடுவுல இந்தப் பொண்ணுதான் வாடிப்போச்சு" என்றார் மரங்கொத்தி. பிறகு நிமிர்ந்தார். "ஆனா ஓட்டையை அடைக்கற வித்தை எனக்குத் தெரியும். நான் கொத்தற ஓட்டையை மரம் பிசின் வச்சுத்தானே அடைக்குது!"

பிசின் வந்தது. மேலிருந்து ஊற்றினால் அது முதுகுப்பக்கம் போகாது. யாராவது உள்ளே போய்த்தான் பூச வேண்டும். எல்லாரும் விலாங்கைப் பார்த்தார்கள்.

"தெரியும், தெரியும். வழவழன்னு இருக்கற என் உடம்புல பிசின் ஒட்டாது. அதானே?" என்றது விலாங்கு.

முதல் நாள் வால் நுனியால் பூசிவிட்டு வந்தது. இந்த முறை மரங்கொத்தி அரைப் பங்கு சாறுதான் ஊற்றினார். குட்டி உயிர்கள் வழக்கம்போல் வாங்கின. துப்பப் பார்த்தன. முடியவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. கட்டி முக்கால்வாசி கரைந்தது.

இப்போது ஒரு சங்கடம் வந்தது. கட்டி கரையக் கரைய வழி திறந்துவிட்டது.

"கடைசி மூலையில கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதை விட்டா எல்லாம் திரும்ப வரும்" என்றார் மரங்கொத்தி.

விலாங்கு அலகின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. "தாயி, இன்னிக்கு உன்னால முழுங்க முடியும், இல்லையா?"

"முடியும்" என்றாள் பூவலகி. அவள் பொய் சொல்லவில்லை. "எனக்கும் அதான் பயமா இருக்கு."

விலாங்கு அவள் கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு உள்ளே போனது.

பல வாரப் பட்டினி. தொண்டைக்குள் மீன் வாசம். பூவலகியின் வயிறு கெஞ்சியது. தொண்டை ஒரு முறை தானாகவே இறுகியது. அவள் தான் உட்கார்ந்திருந்த கிளையை நகங்களால் இறுகப் பற்றினாள். பெருவாயன் தன் கழுத்தை அவள் கழுத்தின்மேல் சாய்த்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம்மா. இன்னும் கொஞ்சம்."

அவள் கண்ணீர் அலகு வழியே ஒழுகியது. தொண்டை மெல்லத் தளர்ந்தது. விலாங்கு கடைசி மூலையையும் பூசிவிட்டு, பின்பக்கமாக நகர்ந்து வந்து தண்ணீரில் விழுந்தது.

அதன்பின் கடைசிச் சாற்றை ஊற்றினார்கள். பூவலகி மடக்கென்று விழுங்கினாள். தடையே இல்லை. சில நாளில் பெருவாயன் ஒரு கெண்டையைக் கொண்டுவந்தான். கூழாக்காமல் முழுசாகவே கொடுத்தான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் வேறெங்கும் பார்க்கவில்லை.

விலாங்கு இன்றும் அந்தத் தொண்டைக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இப்போது வேறு மாதிரி முடிக்கிறது. "முதல் தடவை நான் தப்பிச்சு வந்தேன். கடைசித் தடவை அவங்க என்னை வரவிட்டாங்க."

தோற்றுப்போன மருந்தை மேலும் மேலும் ஊற்றுவதால் நோய் தீராது. அது ஏன் தோற்றது என்று ஒருவரை ஒருவர் நம்பி உள்ளே போய்ப் பார்த்தால்தான் தீரும்.