இரண்டு கை பட்ட பம்பு

முழுக்கக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். நடுவில் தீர்ப்புச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

தூத்துக்குடிப் பக்கம், உப்பளங்களை ஒட்டி ஓர் ஆராய்ச்சி நிறுவனம். லாபம் பார்க்காத இடம். உப்பளத்தில் பாடுபடுகிறவர்களுக்குக் கருவிகள் செய்வார்கள். காப்புரிமை கிடையாது, ஒருவர் வடிவமைத்ததை இன்னொருவர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கிடைப்பது பெயர் ஒன்றுதான். கருவி முழுக்க ஒருவருடையது என்றால் அவர் பெயரைத் தகட்டில் அடித்து அதன் மேல் வைப்பார்கள். இரண்டு கை பட்டிருந்தால் யார் பெயரும் இல்லை. பங்கு போட வேறொன்றும் இல்லாத இடத்தில் பொறாமை எப்படி வளரும் என்று நான் சொல்ல வேண்டுமா?

இன்னொரு வழக்கமும் உண்டு. செய்தவர் சோதிக்கக் கூடாது. வேறொரு பொறியாளர், உடைத்தே தீருவேன் என்று சோதிக்க வேண்டும். அதில் தப்பித்தால்தான் கருவி வெளியே போகும்.

ஜெசிந்தா, சுடலைமுத்து என்று இரண்டு பொறியாளர்கள். முதலில் ஜெசிந்தா காலால் மிதிக்கிற பம்பு ஒன்று செய்தாள். சோதித்தவன் சுடலைமுத்து. சேற்றைக் கரைத்து ஊற்றி மிதி மிதியென்று மிதித்தான். சட்டம் விரிசல் விட்டது. வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைந்த பம்பில் வால்வை யார் பார்க்கிறார்கள்? மூலையில் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வருஷம் சுடலைமுத்து ஒரு மிதி பம்பு செய்தான். நல்ல பம்புதான். வந்தவர் போனவர் எல்லாம் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தகடு அடிக்கும் முன்பே உப்பளத்துப் பெண்கள் ‘சுடலை பம்பு’ என்று பேச ஆரம்பித்தார்கள். அது காதில் விழுந்த நாளெல்லாம் ஜெசிந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தத் தடவை சோதிப்பது அவள்.

உப்புத் தண்ணீர் ஊற்றினாள். தாங்கியது. சேறு. அதையும் தாங்கியது. அவன் முகத்தில் சிரிப்பு ஏற ஏற இவளுக்கு வயிறு எரிந்தது. உப்பு வாரிய பிறகு பாத்தியில் ஒரு கசப்பு நீர் மிஞ்சும். பெண்கள் அதை வாளியால் இறைத்துக் கொட்டுவார்கள், காலெல்லாம் புண்ணாகும். அந்த நீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். வால்வுக்குள் இருந்த ஸ்பிரிங் அரித்து ஒடிந்தது.

“இது உப்புத் தண்ணிக்குச் செஞ்ச பம்பு மேடம். கசப்புத் தண்ணிய எவன் ஊத்தச் சொன்னான்?”

“பம்பு கையில இருக்கும்போது வாளியைத் தூக்குவாங்களா சார்? உங்க பேரைப் பார்த்ததும் அந்தத் தண்ணி ஒதுங்கிப் போயிருமாக்கும்!”

இயக்குநரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். “சண்டையை வெளிய போய்ப் போடுங்க. தம்பி, சரிபண்ணிட்டு வா” என்றார்.

சுடலைமுத்து ஸ்பிரிங் மேல் ஸ்பிரிங்காக மாற்றிப் பார்த்தான். எல்லாம் அரித்தது. கடைசியில் மூலையில் கிடந்த ஜெசிந்தாவின் பம்பைத் திறந்தான். அவள் வால்வில் ஸ்பிரிங்கே இல்லை. வெறும் ரப்பர் மடல். அதைக் கழற்றித் தன் பம்பில் பொருத்திக்கொண்டான்.

“என்னப்பா ஆச்சு?” என்றார் அண்ணாச்சி.

“ஸ்பிரிங்கை மாத்திட்டேன் அண்ணாச்சி.”

“ஸ்பிரிங்தானே” என்று அவரும் விட்டுவிட்டார்.

பெயர் வைக்கும் நாள் வந்தது. முதல் பம்பு முத்துக்கனி என்ற உப்பளத் தொழிலாளிக்கு. தகடு பளபளவென்று இருந்தது. முத்துக்கனி ஏறி மிதித்தாள். தப், தப் என்று சத்தம். பின்னால் நின்ற ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்பிரிங் அப்படிச் சத்தம் போடாது. பெற்றவளுக்குத் தெரியாதா?

வாயைத் திறந்தால் அவன் பெயர் போகும்; தன் பெயரும் வராது. திறக்காவிட்டால் தன் வால்வு அவன் பெயரில் ஓடும். திறந்தாள்.

“அண்ணாச்சி, உள்ள இருக்கிறது என் வால்வு. கழத்திப் பாருங்க.”

கழற்றினார்கள். அவளுடையதேதான்.

“எல்லாம் பொதுன்னுதானே நம்ம வழக்கம்?” என்றான் சுடலைமுத்து.

“எடுத்தது தப்பில்ல சார். மேல அடிச்சிருக்கிற பேரும் பொதுவா?”

அண்ணாச்சி தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வால்வை மறுபடி மாட்டி, பம்பை முத்துக்கனியிடம் தள்ளினார். “கொண்டு போம்மா.”

“பேரு கெடக்கு அண்ணாச்சி, தண்ணி வந்தாச் சரி” என்று அவள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். அன்றே கசப்பு நீரில் இறக்கினாள்.

சுடலைமுத்து எடுத்தது பொது வால்வு. ஜெசிந்தா தனக்கும் கிடைக்காது என்று தெரிந்தே உண்மையைச் சொன்னாள். அண்ணாச்சி வழக்கப்படி தகட்டைக் கழற்றினார். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஜெசிந்தா என்பீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். மூவருமே தப்பு. வால்வு மாறினால் அது வேறு பம்பு. அதைச் சோதித்தது யார்? ஒருவரும் இல்லை. சுடலைமுத்து வால்வோடு சேர்த்து, மறுபடி சோதிக்க வேண்டும் என்பதையும் மறைத்துவிட்டான். ஜெசிந்தாவின் பொறாமை பம்பைப் பார்த்தவரை நல்ல வேலை செய்தது. தகட்டைப் பார்த்ததும் கண் அவிந்துபோயிற்று. ‘இதை இன்னும் சோதிக்கவில்லை’ என்று சொல்ல வேண்டியவள் ‘இது என்னுடையது’ என்றாள். அண்ணாச்சி பெயரை நிறுத்தினார், பம்பை நிறுத்தவில்லை. பம்பு தாங்கியதா என்று கேட்பீர்கள். தாங்கியது. அதனால் இவர்கள் செய்தது சரியாகிவிடாது. உடைத்துப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் மூன்று பேர் நிற்க, உடைகிறதா என்று பார்க்கும் வேலையை முத்துக்கனியின் காலுக்கு விட்டுவிட்டார்கள்.