சுடலைமுத்து வந்து கையெழுத்துப் போடணும்

பூக்காரி பேச்சியம்மாளை மனை விற்கிறவர்கள் நாளுக்கு இருபது தடவை போனில் கூப்பிட்டார்கள். வந்த அழைப்பு எதையும் அவள் எடுக்காமல் விட்டதில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் புகார் அலுவலகத்துக்குப் போனாள்.

"நம்பர் யார் பேர்ல?" என்றார் அதிகாரி தணிகாசலம்.

"எங்க வீட்டுக்காரர் சுடலைமுத்து பேர்ல, ஐயா. அவரு செத்து மூணு வருசமாச்சு."

"சட்டப்படி அவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

செத்தவனை வரச்சொல்ல அவருக்கு நாக்குக் கூசவில்லை. அப்போது அவள் போன் அடித்தது. காது மந்தமானவள், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"சுடலைமுத்து சாருங்களா? மனை வேணுமா சார்?"

பேச்சியம்மாள் போனை அதிகாரியின் மேசைமேல் வைத்தாள்.

"நான் அழுது கூப்பிட்டும் வராத மனுசன், இவங்களுக்கு மட்டும் உயிரோட இருக்காரு. எங்கே இருக்காருன்னு கேட்டுச் சொல்லுங்க ஐயா. இப்பவே கூட்டியாறேன்."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரி அழைப்பைத் துண்டித்துவிட்டு அவசரமாக ஒரு படிவத்தை இழுத்தார்.

"சரி, நானே எழுதிக்கிறேன். ஆனா வேற நம்பர்லேருந்து கூப்பிடுவாங்க. அதைத் தடுக்கச் சட்டத்துல வழியில்ல. நீ பேசாம போனை ஆஃப் பண்ணி வையேம்மா."

"வீட்டை விட்டுப் போன எம்மவனுக்குத் தெரிஞ்சது இந்த ஒரு நம்பர்தான், ஐயா."

சிரிப்பு நின்றது. போன் மறுபடி அடித்தது, ஏதோ புது நம்பர். அவள் பாய்ந்து எடுத்தாள்.

"ராசா, நீயாய்யா?"

"பைபாஸ் பக்கத்துலயே மனை இருக்குங்க, மேடம்."