மூன்று சாண் கயிறு

எயினர் மலைப்பள்ளிக்குச் சீடராக வந்தபோதே அவருக்குத் தலை நரைத்திருந்தது. பாடம் சொன்ன பூமதி அடிகள் சமணத் துறவி. எயினரைவிட வயதில் இளையவர். மகனைப் பறிகொடுத்த பிறகு ஊரில் இருக்க முடியாமல் வந்தவர் எயினர் என்பது மட்டும் அடிகளுக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்டதில்லை.

அந்த ஆடியில் எயினர் ஊருக்குப் போய்விட்டு இரண்டு கயிறுகளோடு திரும்பினார்.

"வெள்ளத்தில் வரப்புகள் போய்விட்டன, அடிகளே. எங்கள் செங்காவியும் பக்கத்து ஊர் நெடுமருதும் இன்னும் ஏர் பூட்டவில்லை. எது யார் வயல் என்று தெரியவில்லை."

"அளந்து பார்க்கலாமே?"

"எங்கள் ஊர் அளவுகோல் பதினைந்து சாண். அவர்களுடையது இருபத்தொன்று. எங்கள் கோலால் அளந்தால் அவர்கள் வயலில் ஒரு துண்டு மிச்சம் நிற்கிறது. அவர்கள் கோலால் அளந்தால் எங்கள் வயலில் நிற்கிறது. அந்தத் துண்டு யாருக்கு என்பதுதான் சண்டை. முன்பு ஒரு வெள்ளத்திலும் இதே சண்டைதான். அதில்தான் என் பிள்ளை செத்தான்."

எயினர் இரண்டு கயிறுகளையும் அடிகளின் முன் வைத்தார்.

"நீங்கள் சொன்னால் இரண்டு ஊரும் கேட்கும். எது சரியான கோல்?"

"கயிறுகளைப் பாறையில் நீட்டிப் போடும்."

கோலளவுக்கு வெட்டிய இரண்டு கயிறுகளையும் எயினர் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினார்.

"நீளமானதில் மிஞ்சுவதை வெட்டும்."

வெட்டினார். ஆறு சாண் துண்டு கையில் வந்தது. அதை ஓரமாக எறியப் போனார்.

"எறியாதீர். அதைக் கொண்டு உங்கள் ஊர்க் கயிற்றை அளந்து பாரும்."

இரண்டு முறை போயிற்று. மூன்று சாண் மிஞ்சியது.

"இதிலும் மிச்சம் நிற்கிறது, அடிகளே."

"நிற்கட்டும். அந்த மிச்சத்தையும் வெட்டி, அதனால் ஆறு சாணை அளந்து பாரும்."

எயினர் மூன்று சாண் துண்டை வைத்தார். எடுத்து மறுபடி வைத்தார். முனையோடு முனை பொருந்தி நின்றது.

"மிச்சம்?"

"இல்லை."

"வெட்டியதையெல்லாம் அந்தந்தக் கயிற்றோடு சேர்த்து வைத்து, முழுக் கயிறுகளையும் இந்த மூன்று சாணால் அளந்து பாரும்."

செங்காவிக் கயிற்றில் ஐந்து முறை. நெடுமருதுக் கயிற்றில் ஏழு முறை. எதிலும் ஒரு விரற்கடை மிஞ்சவில்லை. எயினர் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு சாண் கயிற்றால் அளந்தாலும் மிஞ்சாதே, அடிகளே?"

"மிஞ்சாது. ஆனால் இரண்டிலும் பொதுவாக இருப்பதில் பெரியது இது. இருப்பதை ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும்?"

எயினர் மூன்று சாண் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "இது யார் கோல் என்று கேட்பார்களே. என்ன சொல்ல?"

"இரண்டு கோலிலும் இருந்ததுதானே. புதிதாக நாம் எதையும் கொண்டுவரவில்லை. மூன்று சாணுக்கு ஒரு முடிச்சாக நீளக் கயிறு ஒன்று கட்டிக்கொண்டு முதலில் நெடுமருதுக்குப் போம்."

"நானா?" எயினர் துண்டைக் கீழே வைத்தார். "அந்த ஊர் மண்ணை மிதிக்கமாட்டேன் என்று பிள்ளையின் சிதையில் சொன்னவன் நான்."

"அன்று அவர்கள் பக்கத்தில் யாரும் சாகவில்லையா?"

எயினர் தலை குனிந்தார்.

"ஒருவன் செத்தான். அவனுக்கும் மீசை அரும்பும் வயதுதான்."

"தகப்பன் இருக்கிறாரா?"

"இருக்கிறார். வாசலிலேயே உட்கார்ந்திருப்பார் என்று சொல்லுவார்கள்."

"அவர் வீட்டுக்குப் போம்."

"போய்? அவரிடம் நான் என்ன பேசுவது, அடிகளே?"

"பேச வேண்டியதில்லை. வயலை அளக்க, கயிற்றின் மறுமுனையை ஒருவர் பிடிக்க வேண்டும்."