இணை இயக்குநரின் செல்போன்

இணை இயக்குநர் இராசகோபாலன் நடந்து வந்தால் கோப்புகள்கூட எழுந்து நிற்கும் என்பார்கள். அலுவலக வேலையெல்லாம் இணையத்திலுள்ள கிளவுடுக்கு மாறியபோது, அதற்குள் நுழையும் வழியை அந்த மகானே தேர்ந்தெடுத்தார்.

"பாஸ்வேர்டு இனிக் கிடையாது. கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால் அவரவர் செல்போன் 'நீங்கள்தானா?' என்று கேட்கும். 'ஆம்' என்றால் கதவு திறக்கும். ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் நுழைந்தால் ரெண்டு பேருக்கும் வேலை போகும்!"

கூட்டம் கைதட்டியது. ஒப்பந்த ஊழியர் கனகவல்லி மட்டும் எழுந்தாள். "ஐயா, செல்போன் எப்பவும் அவங்கவங்க கையிலேயே இருக்காதுங்க. விரல் ரேகை வெச்சா நல்லது."

"டைப் அடிக்க வந்தவ எனக்குப் பாடம் எடுக்கிறியா? என் பேர்ல இப்பவே உள்ளே போய்க் காட்டு. முடியலேன்னா நாளையிலேர்ந்து வராதே."

எல்லோரும் பார்க்கும் பெரிய திரையில் அவர் பெயரைத் தட்டிவிட்டுக் கனகவல்லி கைகட்டி நின்றாள். அவ்வளவு பெரிய அதிகாரி தன் செல்போனைத் தானே சுமப்பாரா என்ன? அது வழக்கம்போல வாசலில், அவர் பையோடும் தண்ணீர் பாட்டிலோடும், தபேதார் அந்தோணிசாமியிடம் இருந்தது. ஐயாவின் செல்போன் எதைக் கேட்டாலும் 'ஆம்' என்று அழுத்துவதுதான் அவர் பல வருடமாகப் பார்க்கும் உத்தியோகம். அழுத்தினார்.

'வருக, இராசகோபாலன்' என்றது திரை.

"ரெண்டு பேருக்கும் வேலை போகும்னீங்களே ஐயா," என்றாள் கனகவல்லி பணிவாக. "நானும் நீங்களும் மட்டுமா, அந்தோணிசாமி அண்ணனையும் சேர்த்துக்கணுமா?"

அன்று மதியமே விரல் ரேகை உத்தரவு வந்தது. முதல் ரேகையை ஐயாவே பதிந்தார். விரலைக் கழற்றித் தபேதாரிடம் கொடுத்துவைக்கத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை.