யாரு விழுந்தது?

"இனிமே நான் விழமாட்டேன்னு சொன்னா என்னை எந்த ஊர்ல கூப்பிடுவாங்க, சொல்லுங்கம்மா."

துரைக்கண்ணு இப்படிக் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றக்கூட மறந்து வாசலிலேயே நின்றார்.

"முதல்ல உள்ள வாங்கண்ணே" என்றார் கமலவேணி வாத்தியாரம்மா.

புதுக்கோட்டைப் பக்கத்து நாடகக்காரர்களுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுப்பவர் அவர். துரைக்கண்ணுவைவிடப் பல வயது இளையவர். அதனால் சிஷ்யன் குருவை அம்மா என்பார், குரு சிஷ்யனை அண்ணே என்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள், யாரிடம் யார் கற்றுக்கொள்கிறார்கள் என்று கொஞ்சம் முழிப்பார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை.

துரைக்கண்ணு பபூன்.

இசை நாடகத்தில் ராஜா வருவதற்கு முன்னால், ராணி வருவதற்கு முன்னால், சாமி பாட்டு முடிந்த கையோடு மேடைக்கு வருகிறவர் பபூன்தான். ஊர் ஜனம் பாயை விரித்து, இடத்துக்குச் சண்டை போட்டு, ஒருவழியாக அடங்கி உட்காரும்வரை அவர் பொறுப்பு. பாட வேண்டும், ஆட வேண்டும், சிரிக்கவைக்க வேண்டும். ராஜாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சிரித்துத் தயாராகிவிட்ட கூட்டத்துக்கு முன்னால் கிரீடத்தோடு வந்து நின்றால் போதும்.

துரைக்கண்ணு விழுந்து சிரிக்கவைத்தார்.

திரைக்குப் பின்னாலிருந்தே பாட ஆரம்பித்து, பாடிக்கொண்டே ஓடி வருவார். மேடை நடுவில் இடது காலைத் தூக்குவார். அடுத்த நொடி முதுகு பலகையில் இருக்கும். கால் இரண்டும் வானத்தைப் பார்க்கும். பாட்டு மட்டும் நிற்காது.

முதல் தடவை அவர் விழுந்தது நிஜமாகவே வழுக்கித்தான். வாலிப வயசு, அடி பட்டதுகூடத் தெரியவில்லை. கூட்டம் சிரித்தது மட்டும் காதில் விழுந்தது. மறுநாள் வேறு ஊரில் வேண்டுமென்றே விழுந்தார். அன்றிலிருந்து அவர் எழுந்ததெல்லாம் மறுபடி விழுவதற்காகத்தான். நோட்டீஸில் 'தொபுக்கடீர் துரைக்கண்ணு' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். ராஜா வேஷக்காரர் பெயர் அதற்குக் கீழே, கொஞ்சம் சிறியதாக இருக்கும். ராஜாவுக்கு அதில் வருத்தம்தான். என்ன செய்வது?

இப்போது இடுப்பு தேய்ந்துவிட்டது. போன வாரம் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். இனி ஒரு தடவை மல்லாக்க விழுந்தால், அப்புறம் நடக்கிறதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

துரைக்கண்ணு இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை வாத்தியாரம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கீழவயல் அம்மன் கோயில்ல நாடகம்மா. நோட்டீஸ் ஒட்டியாச்சு. அதுல நான் விழுற மாதிரி படமே போட்டிருக்கான்."

"நல்லா இருக்கா படம்?"

"விளையாடாதீங்கம்மா. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. விழாமச் சிரிக்கவைக்கிற மாதிரி ஒரு பாட்டு கட்டிக் குடுங்க. உங்களால முடியும்."

வாத்தியாரம்மா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, நீங்க விழுந்தா எல்லாரும் சிரிக்கிறாங்களா?"

"எல்லாரும்."

"சிரிக்காதவங்க ஒருத்தருமே இல்லையா?"

துரைக்கண்ணு யோசித்தார். ஒரே ஒரு ஆள் இருப்பது ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"பூமயிலு. எங்க வீட்டுக்காரி. அடிபட்ட இடத்துல தேய்க்க எண்ணெய் பாட்டிலோட பக்கத் திரைக்குப் பின்னால நிப்பா. நான் ஓட ஆரம்பிச்சா கண்ணை இறுக்கி மூடிக்குவா. சத்தம் கேட்டு, நான் எழுந்து பேசுறது கேட்ட பிறகுதான் திறப்பா. கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித்தான். பார்த்ததே இல்ல."

"சரி. பாடிக்கிட்டே ஓடி வாங்க, பார்ப்போம்."

"இங்கயா?"

"அந்த அடுப்படியிலேருந்து."

குரு சொன்னால் சொன்னதுதான். துரைக்கண்ணு அடுப்படிக்குள் போனார். அங்கிருந்தே பாட்டை எடுத்தார். குரலுக்கு ஒரு தேய்மானமும் இல்லை. கூடத்துக்குள் ஓடி வந்தார். பழக்க தோஷம், இடது கால் தானாகத் தூக்கிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து வாத்தியாரம்மா பெஞ்சிலிருந்த பித்தளைத் தட்டைக் கையால் தள்ளிவிட்டார்.

வீடே அதிர்ந்தது.

துரைக்கண்ணு காலைக் கீழே வைத்தார். பாட்டு நின்றுபோனது. மெல்லக் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார்.

"என்னண்ணே தேடுறீங்க?"

"ஏதோ விழுந்துச்சேம்மா."

"விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு."

"அவ்வளவுதான். போயிட்டு வாங்க."

துரைக்கண்ணுவுக்குக் கோபம் வந்தது. குருமார்களே இப்படித்தான். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிட்டால் மரியாதை குறைந்துபோகும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. ஆனால் வாத்தியாரம்மாவிடம் கோபத்தைக் காட்டிப் பழக்கமில்லை. தட்டை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். தட்டின் ஓரம் ஒடுங்கிப்போயிருந்தது.

வீட்டில் பூமயில், வாத்தியாரம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"டாக்டர் ஒண்ணு சொன்னாரு. வாத்தியாரம்மா ஒண்ணு சொல்லியிருக்காங்க. எனக்குப் புரிஞ்சது டாக்டர் சொன்னதுதான்."

இந்த ஒரு தடவை மட்டும் என்றார் துரைக்கண்ணு. விழாவிட்டால் கூட்டம் கத்தும், கத்தினால் அடுத்த ஊரில் கூப்பிடமாட்டார்கள், பபூன் வேஷத்தை விட்டால் தனக்கு வேறு எதுவும் தெரியாது என்று வரிசையாகச் சொன்னார். அவள் எண்ணெய் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தாள். அவள் அழுதிருந்தால்கூட அவருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

கீழவயலில் நல்ல கூட்டம். முன்போல விடிய விடிய உட்கார இப்போது ஆளில்லை என்பதால் பொழுது சாய்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள். சாமி பாட்டு முடிந்தது.

மேடையின் ஒரு ஓரத்தில் ஆர்மோனியக்காரர் தங்கப்பழம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் மிக்கேல். மிக்கேலைச் சுற்றி ஜால்ரா, மணி, தகரம், கட்டை என்று ஒரு சின்னக் கடையே இருக்கும். மேடையில் எது நடந்தாலும் அதற்குச் சத்தம் கொடுப்பது அவர் வேலை. ராஜா நடந்தால் ஒரு சத்தம், ராணி அழுதால் ஒரு சத்தம். துரைக்கண்ணு விழுந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அடி.

அதிலும் மிக்கேலுக்கு ஒரு கணக்கு உண்டு. முதுகு பலகையில் படும்வரை காத்திருந்தால் சத்தம் பிந்திவிடும். அதனால் துரைக்கண்ணுவின் இடது கால் மேலே போனதுமே அடித்துவிடுவார். இத்தனை வருஷத்தில் அந்தக் கால் அவரை ஏமாற்றியதே இல்லை.

துரைக்கண்ணு திரைக்குப் பின்னால் நின்றார். பயமாக இருந்தது. முதல் நாடகத்தன்றுகூட இப்படிப் பயந்ததில்லை. பக்கத் திரையோரம் பூமயில் நிற்பது தெரிந்தது. அவர் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. அவள் அதற்குள் கண்ணை மூடியிருந்தாள்.

பாட்டை எடுத்தார். வெளியே கூட்டம் கைதட்டியது. ஓடினார்.

மேடை நடுவுக்கு வந்தார். இடது காலைத் தூக்கினார்.

மிக்கேல் அடித்தார்.

வலது கால் அசையவில்லை.

விழ வேண்டும் என்றுதான் துரைக்கண்ணு வந்திருந்தார். இடுப்புதான் ஒத்துக்கொள்ளவில்லை. சத்தம் வந்து, முழங்கி, அடங்கியும்விட்டது. துரைக்கண்ணு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். பாட்டு பாதியில் நின்றுவிட்டது. தங்கப்பழம் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. மிக்கேலின் முகம் செத்துப்போயிருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"யோவ், நீதான்யா விழணும்."

துரைக்கண்ணு காலைக் கீழே வைத்தார்.

அதற்கு மேல் செய்ததை அவர் யோசித்துச் செய்யவில்லை. மெல்லக் குனிந்து தரையைப் பார்த்தார். ஏதோ விழுந்த சத்தம் கேட்டதே. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஆர்மோனியத்துக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பின்வரிசைக்காரர் சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது மாதிரி நிமிர்ந்தார்.

"நானா? நான் இங்கதானேய்யா நிக்கிறேன்."

ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

துரைக்கண்ணு முதுகைத் தடவிப் பார்த்தார். இடுப்பை அமுக்கிப் பார்த்தார். முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் அடி பட்டிருக்கவில்லை. ரொம்பக் கவலையோடு ஆர்மோனியக்காரரிடம் போனார்.

"தங்கப்பழண்ணே, யாரு விழுந்தது?"

தங்கப்பழம் பழைய ஆள். ஒரு நொடிதான் முழித்தார்.

"நீன்னுதான்பா நினைச்சேன்."

"நானும் அப்படித்தாண்ணே நினைச்சேன்."

கூட்டம் சரிந்துவிட்டது. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கத்து ஆள் மேல் சாய்ந்து சிரித்தார்கள். மிக்கேலுக்கு உயிர் வந்தது. சும்மா இருப்பாரா, இன்னொரு அடி அடித்தார். துரைக்கண்ணு துள்ளிப்போய், யாரையோ தாங்கிப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார். அங்கே யாரும் இல்லை. இன்னொரு அடி. இந்தப் பக்கம் ஓடினார். இங்கேயும் இல்லை. அன்றைக்கு அந்த மேடையில் எத்தனையோ பேர் விழுந்தார்கள். ஒருவரையும் அவரால் பிடிக்க முடியவில்லை.

துரைக்கண்ணுவுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு லேசாக வந்தது. தன் காலில் தான் நிற்பதை அவரே அடிக்கொரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார். கூட்டம் அதற்கும் சிரித்தது. பாதியில் விட்ட பாட்டை எடுத்து, நின்றபடியே பாடினார்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது.

முன்னாலிருந்து வரவில்லை. பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெண் சிரித்தாள். மேடையில் அப்படி ஒரு சிரிப்பை அவர் கேட்டதே இல்லை.

துரைக்கண்ணு திரும்பிப் பார்த்தார்.

பூமயில் கண்ணைத் திறந்திருந்தாள். ஒரு கையால் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். மற்றொரு கையிலிருந்த எண்ணெய் பாட்டில் நழுவியது.

கண்ணாடி உடைகிற சத்தம் கூட்டத்தின் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.

மிக்கேல் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். நான் இல்லை என்று அர்த்தம்.

பூமயில் பதறிப்போய் உடைந்ததைப் பொறுக்கக் குனிந்தாள். துரைக்கண்ணு பாட்டை விடாமலே திரைப் பக்கம் நடந்து வந்து, ஒரு வரி முடிந்த இடைவெளியில் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"விடு பூமயிலு. அது விழுந்தா விழட்டும்."