ஒரு குழிக்கு மூன்று சொந்தக்காரர்கள்

பொன்னுக்கும் மண்ணுக்கும் மூன்று பேர் அடித்துக்கொண்ட கதையெல்லாம் கேட்டிருப்பீர்கள். உள்ளங்கை அகலமே உள்ள ஒரு குழிக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடிய கதை இது. காதைக் கொடுத்துக் கேளுங்கள், தீர்ப்பு உங்கள் வாயால்தான் வர வேண்டும்.

திண்டுக்கல் ரயில் நிலைய டாக்ஸி ஸ்டாண்டுக்கு முதன்முதலாக வண்டி ஓட்ட வந்த பெண் சகாயராணி. வெள்ளை அம்பாசடர். வந்த மூன்றாம் நாளே, வரிசையில் பின்னால் நின்ற வீரபத்ரன், "சோறாக்குற கைக்கு ஸ்டியரிங் எதுக்குடி?" என்று கல்லை விட்டெறிந்தான். இடது பக்கம் முன் மட்கார்டு உள்ளே போனது. ஸ்டாண்டே சிரித்தது. சகாயராணி சிலுவை போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து, குழி எல்லார் கண்ணிலும் படும்படி முதல் வண்டியாக நிறுத்தினாள்.

"ஒரு தட்டுத் தட்டினா நிமிர்ந்துடும், எடுத்துடு தாயி" என்று இரக்கப்பட்டவர்களும் உண்டு.

"இருக்கட்டும். பார்த்துப் பார்த்து உங்களுக்குப் பழகட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

பழகியது. வருடங்கள் ஓடின. வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டுவதற்கு முந்தின நாள், உப்புத்தாளும் சின்ன பிரஷ்ஷுமாக அவள் மட்கார்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைத் தெருவே பார்க்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் கிளட்ச்சை மிதிக்க மறுத்த வருடம், வண்டியை 'மறுபடியும் ரோட்டில்' என்ற டி.வி. நிகழ்ச்சிக்காரர்களிடம் விற்றாள். பழைய கார்களை வாங்கி, கோயம்புத்தூர் ஷெட்டில் வைத்துப் புதுசாக்கி, கேமரா முன்னால் துணியை விலக்கிக் காட்டி விற்பதுதான் அந்த நிகழ்ச்சி. அதை நடத்துகிற நிவாஸிடம் கல்லடி பட்ட கதையைச் சொல்லி, "தம்பி, எல்லாத்தையும் மாத்துங்க. அந்தக் குழியை மட்டும் எடுத்துடாதீங்க" என்றாள்.

"பாத்துக்கலாம்மா" என்றான் நிவாஸ். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். அவன் சரி என்று சொல்லவில்லை.

'கல்லடி பட்ட கார்! இந்த ஞாயிறு!' என்று குழியைக் கிட்டத்தில் காட்டி டி.வி.யில் முன்னோட்டம் ஓடியது. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினார். எழுபது வயதைத் தாண்டிவிட்ட அதே வீரபத்ரன். "நான் எறிஞ்ச கல்லு தம்பி. கண்ணை மூடுறதுக்குள்ள என் கையாலயே அதை நிமித்திடணும்" என்று அழுதார். நிவாஸுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் ஆயிற்று. எறிந்தவரே சுத்தியலால் அடித்துச் சரிசெய்கிறார், பக்கத்தில் அந்த அம்மா கண்ணீர் விடுகிறார். இதைவிட என்ன வேண்டும்? ஒன்றும் சொல்லாமல் சகாயராணியை வரவழைத்தான்.

ஷெட்டுக்குள் வந்தவள் பார்த்தாள். வண்டி பளபளவென்று நின்றது. அந்த மட்கார்டு மட்டும் பாக்கி. வீரபத்ரன் கையில் சுத்தியல். சுற்றிலும் கேமரா.

நேரே போய்க் குழியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"அடிக்கிறதா இருந்தா முதல்ல கையில அடிங்கண்ணே."

"மன்னிச்சுடு ராணி. புத்திகெட்டுப் பண்ணிட்டேன். நான் போட்ட குழி, நானே எடுத்துடுறேன்."

"மன்னிச்சு எத்தனையோ வருஷமாச்சு. உங்க பேரையும் சொல்லாம நான் ஜெபத்துலேருந்து எந்திரிச்சதில்ல. ஆனா இதைத் தொட விடமாட்டேன்."

நிவாஸ் குறுக்கே வந்தான். "அம்மா, ஆர்.சி. புக் இப்ப எங்க பேர்ல. வண்டி எங்களுதுன்னா குழியும் எங்களுதுதான். இடிபட்ட வண்டியை யாரும்மா வாங்குவா?"

"பின்ன எதுக்குத் தம்பி டி.வி.யில வண்டியை விட்டுட்டுக் குழியைக் காட்டுனீங்க?"

கேமராவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டிங்கர் வேலை பார்க்கும் காதர் மைதீன் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"நிவாஸ் தம்பி, மத்த இடமெல்லாம் சுரண்டினேன். ரெண்டு பூச்சு, அடுத்தது தகரம். குழிக்குள்ள வெங்காயம் மாதிரி உரிச்சுக்கிட்டே போறேன், தகரத்தைக் காணோம். இதை அடிக்க எனக்குக் கை வரல."

"பாய், உங்க வேலையே அடிக்கிறதுதானே?"

"அப்ப வேற டிங்கரைப் பாருங்க."

சகாயராணி குழி மேலிருந்து கையை எடுக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். கல்லை எறிந்து குழியைப் போட்டவர் ஒருவர். விலை கொடுத்து வண்டியை வாங்கியவன் ஒருவன். விற்றுவிட்ட பிறகும் விடமாட்டேன் என்கிறவள் ஒருத்தி. அந்தக் குழி யாருடையது? யார் செய்தது சரி?

விடை: வீரபத்ரன் கல்லை எறிந்தது ஒரு நொடி. பெயின்ட் வெடித்த இடத்தில் துரு ஏறாமல், வருடத்துக்கு ஒரு பூச்சாக அதைக் காப்பாற்றியது சகாயராணி. ஒரு நொடியில் போட்டவரைவிடக் காலமெல்லாம் வளர்த்தவளுக்கே அது சொந்தம். நிவாஸின் வழக்கு டி.வி.யிலேயே தோற்றுப்போனது. எதைக் காட்டி ஊரைக் கூப்பிட்டானோ, அதையே குறை என்று சொல்ல அவனுக்கு வாயில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது தர்மமா? சகாயராணி அதையும் யோசித்தாள். வீரபத்ரனிடமிருந்து சுத்தியலை வாங்கிக் காதரிடம் கொடுத்தாள். பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து வீரபத்ரன் கையில் வைத்தாள். "உக்காருங்கண்ணே. நல்லாத் தேய்ங்க. துரு ஏறக் கூடாது" என்றாள். அவர் தேய்த்து முடித்ததும், கடைசிப் பூச்சை அவளே பூசினாள். குழியோடுதான் வண்டி ரோட்டுக்குப் போனது.